உள்ளங்கைக் கரப்பான்

எங்கள் கிளிஞ்சல்மேட்டு ஆம்பளை யாரை நிறுத்தி என்ன தொழில் என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். கடல் தொழில். ஐஸ் கம்பெனியில் கூலிக்கு நிற்பவரும் அதையே சொல்வார். வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பி வந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவரும் அதையே சொல்வார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இருக்காது. அப்பா பேரைச் சொல்வது மாதிரி அது. என் அண்ணனும் ஒரு தோல் டாக்டரிடம் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தார். அந்த ஒரு பதிலால் எங்கள் வீட்டில் என்னவெல்லாம் ஆனது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

சுனாமி வந்த காலையில் அண்ணன் கடலில் இருந்தார். ஆழத்தில் இருந்தவர்களுக்கு அலை வந்ததே தெரியவில்லை. படகு லேசாக ஏறி இறங்கியது, அவ்வளவுதான் என்று பிறகு சொன்னார்கள். வலையை வாரிப் போட்டுக்கொண்டு மத்தியானம் திரும்பினால் கரையில் குப்பம் இல்லை. அண்ணி ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துப் பிழைத்திருந்தார். அவர்களுடைய மகன், ஆறு வயசுப் பிள்ளை, போய்விட்டான். நான் கல்யாணமாகித் தலத்தெருவில் இருந்தேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. செய்தி கேட்டு ஓடினேன். அண்ணன் கையில் பிடித்திருந்த மீன் கூடையைக் கீழே வைக்காமல் நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. நிவாரணத்தில் புதுப்புது பைபர் படகுகள் வந்தன. பயந்து கிடந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். அண்ணன் மட்டும் கரையிலேயே நின்றார். கடலைக் கண்டு நடுங்குகிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் கொஞ்சம் கடுப்பாகவே கேட்டுவிட்டேன். என் வாய்க்குத் தலத்தெருவிலேயே தனிப் பேர் உண்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டி அதட்டிப் பழகிய வாய்.

"கடலுக்கு எனக்கு என்னா பயம்?" என்றார். "கடல்ல இருந்த எனக்கு ஒண்ணும் ஆவலையே. கரைய விட்டுட்டுப் போவத்தான் புள்ள பயமா இருக்கு."

நிவாரணத்தில் போட்டுக் கொடுத்த தகரக் கொட்டகையில் இருந்தபோதே அண்ணிக்கு மறுபடி ஒரு குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அண்ணன் பிரசவ வார்டு வாசலில் நின்று, இனிமேல் இதைப் பார்க்க முடியாத தூரத்துக்கு நான் போகமாட்டேன் என்று சொன்னார். சத்தியம் எல்லாம் செய்யவில்லை. சும்மா, ஒரு விஷயத்தைத் தெரிவிப்பது போல என்னிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் சொன்னதற்கு ஏற்ற மாதிரி வேலையும் கிடைத்தது. வந்த பைபர் படகுகளெல்லாம் ஒரு வருஷத்துக்குள் அடிபட்டும் விரிசல் விட்டும் ரிப்பேருக்கு நின்றன. அவற்றை ஒட்டுவதற்கு ஆற்றோரம் ஒரு பட்டறை போட்டார்கள். ரெசின் என்று ஒரு பிசின், வாளியில் வரும். அது இறுகுவதற்கு ஒரு மருந்து கலந்து, கண்ணாடி நாரால் ஆன விரிப்பைப் படகின் மேல் பரப்பி, பிசினைப் பூசிப் பூசி ஒட்டவேண்டும். காய்ந்த பிறகு மெஷினால் தேய்த்தால் தூள் பறக்கும். அண்ணன் அந்த வேலையை ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டார். பட்டறையிலிருந்து பார்த்தால் வீட்டு வாசல் தெரியும். கூப்பிட்டால் கேட்கும். அதற்காகவே அந்த வேலையை அவர் கோவில் வேலை மாதிரி செய்தார்.

முதலில் விரல் இடுக்கில்தான் வந்தது. ஊறப்போட்ட ஜவ்வரிசி போலச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம், தோலுக்கு அடியில். அரிப்பு என்றால் அப்படி ஓர் அரிப்பு. சாப்பிட உட்கார்ந்தவர் கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருப்பார். பிறகு கொப்புளம் காய்ந்து, உள்ளங்கைத் தோல் உரிந்து, ரேகை ரேகையாக வெடித்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் ரத்தம் கசிந்தது. பட்டறையில் எல்லாரும் செருப்பில்லாமல் நிற்பார்கள், கீழே சிந்தின பிசினிலும் தூளிலும். அதனால் கொஞ்ச நாளில் பாதத்துக்கும் வந்துவிட்டது. குதிகாலை ஊன்ற முடியாமல் பாதத்தின் ஓரத்தால் நடந்தார்.

வேலை முடிந்ததும் கையில் ஒட்டின பிசினைப் பெயிண்ட் கரைக்கிற தின்னர் ஊற்றிக் கழுவுவார்கள். அதோடு விடாமல் மணலைப் போட்டுத் தேய்ப்பார்கள். பிறகு அண்ணன் கடலோரம் போய் முழங்கால் தண்ணீரில் நின்று, இரண்டு கையையும் உப்புத் தண்ணீரில் முக்கிக்கொண்டு நிற்பார். எங்கள் ஊரில் எந்தப் புண்ணுக்கும் கடல் தண்ணீர்தான் முதல் மருந்து. எரியும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, எரிஞ்சாத்தான் ஆறும் என்பார். அது ஆறவே இல்லை.

பார்த்தவர்கள் எல்லாரும் கரப்பான் என்றார்கள். சுனாமிச் சேற்றில் இருந்து வந்தது என்று பாதிப் பேர், ரத்தத்தில் சூடு என்று மீதிப் பேர். வேப்பெண்ணெய் பூசினார்கள், குப்பைமேனியை அரைத்துக் கட்டினார்கள். கரப்பானுக்குப் பத்தியம் உண்டே. கருவாடு கூடாது, இறால் கூடாது, நண்டு கூடாது, கத்தரிக்காய் கூடாது. மூன்று பக்கமும் மீன் குழம்பு கொதிக்கிற தெருவில் அண்ணன் வீட்டில் மட்டும் பருப்புக் குழம்பு கொதித்தது. "என்னாண்ணே, வீட்ட அக்ரகாரத்துக்கு மாத்திட்டியா?" என்று நான் கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு, கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொள்வார்.

அந்தத் துண்டுதான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவராகவே முடிவு செய்துகொண்டார். கையில் புண் வந்த நாளிலிருந்து அவர் குழந்தையைத் தூக்கவில்லை. தவழ்ந்து கிட்ட வந்தால் காலை இழுத்துக்கொள்வார். எழுந்து நடக்க ஆரம்பித்து ஓடி வந்தால், "தொடாத, அப்பாவுக்குக் கைப்புண்ணு" என்று அதட்டுவார். அதட்டல் பலமாகவே இருக்கும், ஏனென்றால் பயம் பலமாக இருந்தது. ஒரு பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்தவர் இன்னொன்றைப் புண்ணுக்குக் கொடுக்க முடியாது என்று நினைத்திருக்கவேண்டும். தூளியை ஆட்ட மட்டும் ஒரு வழி வைத்திருந்தார். தூளியில் நீளமாக ஒரு வலைக்கயிறு கட்டி, அதன் மறுமுனையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்தபடி இழுத்து இழுத்து விடுவார். குழந்தை தூங்கிவிடும். அவர் அங்கிருந்தே எட்டிப் பார்ப்பார்.

ஒரு வருஷம் மாங்கனித் திருவிழாவுக்கு எல்லாரும் சேர்ந்து போனோம். சாமி புறப்பாடு வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழத்தை வீசுவார்கள், கூட்டம் கையை நீட்டிப் பிடிக்கும். அப்பாக்கள் எல்லாரும் பிள்ளைகளைத் தோளில் வைத்திருந்தார்கள். அண்ணன் மகள், எங்கள் குட்டிக்கு, எதுவுமே தெரியவில்லை, புடவைகளுக்கு நடுவில் மூச்சுத் திணறியது. அண்ணன் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மாப்ள, நீங்க தூக்கிக்குங்க" என்றார். அவர் தூக்கித் தோளில் வைத்தார். குழந்தை அங்கிருந்து கத்திக் கத்திச் சிரித்தது. ஒரு பழம் அண்ணன் பக்கமாக வந்தது. பிடித்திருக்கலாம், இதைவிட வேகமாக வந்த கயிறுகளையெல்லாம் பிடித்த கை. அவர் கையைத் துண்டை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. பழம் தரையில் விழுந்து நசுங்கியது, பக்கத்தில் நின்ற பெண் அதைப் பொறுக்கிக்கொண்டார்.

நான்தான் நச்சரித்துத் தோல் டாக்டரிடம் போகச் சொன்னேன். டவுனில் ஒரு டாக்டரம்மா, கைராசிக்காரர் என்று பேர். அண்ணன் தனியாகப் போய்விட்டு வந்தார். வந்தவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. களிம்பையும் மாத்திரையையும் காட்டிவிட்டு, "டாக்டரம்மா தெளிவா சொல்லிட்டாங்க" என்றார். "உப்புத் தண்ணி, வலை, ஐஸ், மீன் செதிலு, எதுவும் ஆவாதாம். கொஞ்ச காலத்துக்குக் கடல் பக்கமே போவக்கூடாதாம்."

அண்ணி அதுவரை தினம் ஒரு தடவையாவது, எல்லாரும்தான் போறாங்க, நீங்க மட்டும் ஏன் கரையில குந்திக்கிட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தவர். அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டார். டாக்டரே சொன்ன பிறகு என்ன பேசுவது? ஊரிலும் கிண்டல் நின்றது. பாவம், அவனுக்கு உப்பு ஆவாதாம் என்று இரக்கப்பட்டார்கள். கடலோரத்தில் கையை முக்குவதை மட்டும் அண்ணன் நிறுத்தினார். பட்டறைக்கு வழக்கம்போலப் போனார்.

களிம்பு பூசினால் ஒரு வாரம் அடங்கும். அடங்கினதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்படுவோம். பிறகு முன்னைவிட அதிகமாகக் கிளம்பும். மருந்துக் கடையில் அதே களிம்பை வாங்கி வாங்கிப் பூசினார். கை உறை போட்டுப் பார்த்தார், பிசின் அதற்குள்ளேயே இறங்கி வியர்வையோடு ஊறி இன்னும் மோசமானது. இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. குழந்தைக்குப் பேச்சு வந்துவிட்டது. அந்த ஒரு வருஷத்தைத்தான் என்னால் யாரிடமும் கேட்டு வாங்க முடியவில்லை.

பாதத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தபோது நான் ஆட்டோ வைத்து இழுத்துக்கொண்டு போனேன். அதே டாக்டரம்மா. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதத்தைத் தூக்கி வைக்கச் சொல்லிப் பார்த்தார்.

"இன்னும் கடலுக்குப் போறீங்களா?" என்றார்.

"இல்லீங்க டாக்டரம்மா. நீங்க சொன்ன நாள்லேர்ந்து போவலீங்க."

"அப்புறம் ஏன் அடங்கல? வலை கிலை பின்றீங்களா?"

"அதுவும் இல்லீங்க."

டாக்டரம்மா குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. "டாக்டர், நீங்க சொல்றதுக்கு முந்தியே எங்கண்ணன் கடலுக்குப் போறதில்ல" என்றேன். "சுனாமியோட விட்டுடுச்சு. படகு ஒட்டுற பட்டறையில பைபர் வேலை பாக்குது. ரெசின் பூசுற வேலை."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ரெசினா? வெறுங்கையிலயா?" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "அன்னைக்கு என்ன தொழில்னு கேட்டேனே, ஏன் சொல்லல?" என்றார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "கடல் தொழிலுதாங்களே நமக்கு" என்றார்.

அவர் அதை ஊர் வழக்கப்படி யோசிக்காமல் சொன்னாரா, அல்லது பட்டறையின் பேரை எடுத்தால் அதை விடச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

டாக்டரம்மா கோபப்படவில்லை, நிதானமாக விளக்கினார். இது கரப்பானும் இல்லை, சுனாமிச் சேறும் இல்லை. அந்தப் பிசினிலும் அதில் கலக்கிற மருந்திலும் இருப்பது இவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை இப்படி ஒவ்வாமை ஆகிவிட்டால் உடம்பு மறக்காது, இனிமேல் கொஞ்சம் பட்டாலும் கிளம்பும். தின்னரும் மணலும் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றின மாதிரி. பட்டறைப் பக்கமே போகக்கூடாது, போகாவிட்டால் தோல் தானாகத் தேறிவிடும். எல்லாம் சொல்லிவிட்டு, ஆறின பிறகு கடலுக்கு வேண்டுமானால் தாராளமாகப் போகலாம் என்றார். நல்ல சேதி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

எழுந்திருக்கும்போது அவர் ஒன்று கேட்டார். "டாக்டரம்மா, கொழந்தயத் தூக்கலாங்களா?"

"தூக்குறதுக்கு என்ன? இது ஒட்டுற நோயே இல்லையே. முன்னாடியும் தூக்கியிருக்கலாமே. ஏன், யாராவது வேணாம்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நாங்கள் இத்தனை பேர் இருந்தோம், பத்தியத்துக்கு இத்தனை பட்டியல் போட்டோம், இந்த ஒரு கேள்வி யாருக்கும் வாயில் வரவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். அண்ணன் ஆட்டோவின் அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தலத்தெரு தாண்டின பிறகு, "நீ சும்மா இருந்திருக்கலாம் புள்ள" என்றார். நான் சுள்ளென்று, "ஆமா, கால அழுக விட்டுருக்கலாம்" என்றேன். நான் சொன்னது சரிதான். ஆனாலும் அந்தப் பதிலை இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

டாக்டரம்மா சொன்ன பிறகும், கை முழுசாக ஆறட்டும் என்று அண்ணன் குழந்தையைத் தூக்கவில்லை. கரையிலேயே வேறு வேலை தேடாமல் இல்லை. கட்டட வேலைக்குப் போனார், சிமெண்ட் பட்டதும் கை மறுபடி வெடித்தது. விழிதியூரில் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர் நிலத்தில் அறுப்புக்குப் போனார், வயல் சேற்றில் பாதம் தாங்கவில்லை. எங்கேயாவது காவல் வேலைக்குச் சொல்லிப் பார்த்தோம், எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். சிறு வயசிலிருந்து கடலைத் தவிர வேறு எதையும் கற்றுக்கொள்ளாதவர். கடைசியில் ஒரு விசைப்படகில் ஆள் வேண்டும் என்று வந்து கூப்பிட்டார்கள். போனால் நாலைந்து நாள் கடலிலேயே தங்கிவிட்டு வரவேண்டும். அண்ணி துணி மடித்துக் கொடுத்தார். அண்ணன் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போகிற நாட்களில் அண்ணி குழந்தையோடு தலத்தெருவுக்கு வந்து எங்களோடு இருப்பார். அதுதான் அண்ணன் போட்ட ஒரே நிபந்தனை. கரையை விட்டு இரண்டு மைல் உள்ளே அவர்கள் இருக்கவேண்டும், அப்போதுதான் அவரால் அங்கே மூச்சு விட முடியும்.

டாக்டரம்மா சொன்னதுபோலவே நடந்தது. உப்புத் தண்ணீரிலும் ஐஸிலும் வலையிலும் கிடந்து அந்தக் கை ஆறியது. முதலில் வெடிப்பு மூடியது, பிறகு சிவப்பு வெளுத்தது, பிறகு புதுத் தோல் வந்தது. பாதத்தை முழுதாக ஊன்றி நடந்தார். ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். கடலம்மாவே பார்த்துக் குணமாக்கினாள், அவளை விட்டு ஒதுங்கினதால் வந்த கோளாறு என்று பேசினார்கள். வீட்டில் மறுபடி மீன் குழம்பு கொதித்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் ஆசைப்பட்டது நல்ல கை இல்லை. குழந்தையைப் பார்க்கிற தூரத்தில் இருக்கவேண்டும் என்பதுதான். இருந்தபோது தொடவில்லை, தொடலாம் என்றபோது இருக்க முடியவில்லை.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் காலை, படகு வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். குளித்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, கூடத்தில் தரையில் உட்கார்ந்தார். குட்டி சுவரோரம் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வயசு முடிகிற நேரம். அண்ணன் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார். உள்ளங்கை இளஞ்சிவப்பாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. எத்தனை நாள் இதை ஒத்திகை பார்த்தாரோ தெரியாது.

"வா. அப்பா கிட்ட வா."

குழந்தை சட்டென்று தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"ஆறிப்போச்சுடி செல்லம், போய்த் தொடு" என்று அண்ணி சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தார். நான் அவள் தோளைப் பிடித்து மெல்லத் தள்ளினேன். அவள் அசையவில்லை. எங்களுக்குத் தெரியாததைச் சொல்லித் தருவது போல, "அப்பாவுக்குக் கைப்புண்ணு. தொடக்கூடாது" என்றாள்.

அண்ணி மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினார். நீட்டின கைகளை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

"விடு. வற்புறுத்தாத" என்றார். "சொன்ன பேச்சக் கேக்குற புள்ள."